ஒரே நேரத்தில் பல வேலை செய்யலாமா? ஒரு முழுமையான வழிகாட்டி

40 வரிசை உள்ள ஒரு பட்டியலை ஒருநாள் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். காதில் ஹெட்போன், அதில் ஒரு மீட்டிங். 23-வது வரிசையை முடித்தபோது யாரோ என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார்கள். பதில் சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததாகத்தான் நினைத்தேன். ஆனால் தொடர்ந்தது 25-லிருந்து. பட்டியலில் இருந்த ஒரே தவறு 24-வது வரிசையில் இருந்தது. அது அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டது. திருத்தி முடிக்க இரண்டு நாள் ஆனது.

அன்றைக்கு வேலைப்பளு ஒன்றும் அதிகமில்லை. முந்தைய இரவு நன்றாகவே தூங்கியிருந்தேன். அந்த அரை நிமிடம்தான் காரணம். இது எனக்கு மட்டும் நடப்பதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் எரிக் ஆல்ட்மன் குழு, வரிசை மாறாமல் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலரிடம் கொடுத்து நடுநடுவே குறுக்கிட்டுப் பார்த்தது. ஆய்வு 2014-ல் வெளியானது. குறுக்கீடு சராசரியாக 2.8 நொடிதான். அதற்கே, ஒரு படியைத் தாண்டிப் போவது, செய்ததையே மறுபடி செய்வது போன்ற வரிசைத் தவறுகள் இரண்டு மடங்காயின. குறுக்கீடு 4.4 நொடி ஆனபோது மூன்று மடங்கு.

மல்டிடாஸ்கிங் கூடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நடந்துகொண்டே பாட்டுக் கேட்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. எந்த வேலையோடு எந்த வேலையைச் சேர்க்கிறோம், ஒன்றை விட்டுப் போகும்போது எதை எழுதி வைத்துவிட்டுப் போகிறோம் என்ற இரண்டில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கின்றன. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், தலைக்குள் என்ன நடக்கிறது?

மல்டிடாஸ்கிங் என்ற சொல் மனிதர்களுக்காக உருவானதில்லை. 1960-களில் கம்ப்யூட்டர் துறையில் புழக்கத்துக்கு வந்தது. ஒரே ஒரு பிராசஸர் உள்ள கம்ப்யூட்டரில் நாலைந்து நிரல்கள் சேர்ந்து ஓடுவது போலத் தெரியும். உண்மையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பலமுறை மாறி மாறி ஓடுவதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. ஆனால் ஒரு நிரலை நிறுத்தும் முன், அது எந்த இடத்தில் நின்றது, அதன் கையில் என்னென்ன மதிப்புகள் இருந்தன என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் நினைவகத்தில் சேமித்துவிடும். திரும்பும்போது ஒரு புள்ளிகூட மாறாமல் எடுத்து வைத்துத் தொடரும். அப்படிச் செய்தும்கூட அந்த மாற்றத்துக்கென்று கொஞ்சம் நேரம் செலவாகிறது.

நாமும் மாறி மாறித்தான் வேலை செய்கிறோம். ஆனால் எதையும் சேமிப்பதில்லை.

இந்த மாற்றத்துக்கு ஆகும் செலவை 1927-லேயே ஆர்தர் ஜெர்சில்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் அளந்து பார்த்தார். ஒரே வகைப் பணியைத் தொடர்ந்து செய்வதைவிட, இரண்டு வகையை மாற்றி மாற்றிச் செய்யும்போது நேரம் கூடியது. அடுத்து எது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால்? 1995-ல் ரோஜர்ஸ், மான்செல் இருவரும் அதையும் சோதித்தார்கள். தயாராவதற்கு அவகாசம் கொடுத்தபோது இழப்பு குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. 2001-ல் ரூபின்ஸ்டைன், மேயர், எவன்ஸ் மூவரும் இந்த மாற்றத்தை இரண்டு கட்டமாகப் பிரித்து விளக்கினார்கள். 'அது போதும், இனி இது' என்று இலக்கை மாற்றுவது ஒரு கட்டம். பழைய வேலையின் விதிகளை ஒதுக்கிவிட்டுப் புதியதன் விதிகளை ஏற்றிக்கொள்வது அடுத்த கட்டம். விதிகள் சிக்கலாக இருந்தால் இழப்பும் கூடுகிறது.

இவர்களில் மேயர் சொன்னதாக ஓர் எண் எல்லா இடத்திலும் சுற்றுகிறது: மல்டிடாஸ்கிங் செய்தால் வேலை நேரத்தில் 40 சதவீதம் போய்விடும் என்று. இழப்பு 40 சதவீதம் வரைகூடப் போகலாம் என்று அவர் சொன்ன ஒரு மதிப்பீடு அது. எல்லோருக்கும் எப்போதும் அவ்வளவு போகும் என்று பொருளில்லை. அந்த எண்ணை விட்டுவிடுங்கள். உங்கள் எண்ணை நீங்களே பார்த்துக்கொள்ளலாம், இரண்டு நிமிடம் போதும்.

படி 1: உயிரெழுத்துச் சோதனை

ஒரு தாள், ஒரு பேனா, செல்போனில் ஸ்டாப்வாட்ச். முதல் சுற்றில், மேல் வரியில் அ முதல் ஔ வரை 12 உயிரெழுத்துகளையும் எழுதுங்கள். முடித்ததும் கீழ் வரியில் 12-லிருந்து 1 வரை இறங்குவரிசையில் எழுதுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சுற்றில் அதே இரண்டு வரிகள்தான், ஆனால் மாற்றி மாற்றி எழுத வேண்டும். மேலே அ, கீழே 12. மேலே ஆ, கீழே 11. மேலே இ, கீழே 10. இப்படியே கடைசி வரை.

எழுதும் எழுத்துகளும் எண்களும் இரண்டு சுற்றிலும் ஒன்றுதான், கை மேலும் கீழும் போய்வருவது மட்டும் கொஞ்சம் கூடுதல். ஆனாலும் ஊ, எ பக்கம் வரும்போது பேனா ஒரு கணம் நிற்கும். 'கீழே எதில் விட்டேன்?' என்று கண் தேடும். அந்த நிற்றலைக் கவனியுங்கள். குழந்தையிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த எழுத்துகளுக்கே அந்தத் தேடல் வருகிறதென்றால், பாதி எழுதிய அறிக்கையிலிருந்து வாட்ஸ்அப்புக்குப் போய்த் திரும்பும்போது என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

படி 2: ஒரு நாள் முழுக்கக் கோடு போடுங்கள்

ஒரே ஒரு வேலை நாளைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். செய்துகொண்டிருந்ததை விட்டு வேறொன்றுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. யாராவது கூப்பிட்டோ போன் அடித்தோ விட்டீர்கள் என்றால் இடப்பக்கம். நீங்களாகவே போனால் வலப்பக்கம்.

வலப்பக்கம் நிரம்புவதைப் பார்த்து நான் அதிர்ந்துபோனேன். யாரும் கூப்பிடவில்லை, எதுவும் ஒலிக்கவில்லை, ஆனாலும் கை மின்னஞ்சல் பக்கத்தைத் திறந்திருந்தது. பெரும்பாலும் ஒரே மாதிரியான இடத்தில்தான் இது நடந்தது: அடுத்த வாக்கியம் வராமல் திணறும்போது, ஒரு கணக்கு ஒத்துப்போகாதபோது, எடுக்கப் பிடிக்காத ஒரு முடிவு எதிரே வந்து நிற்கும்போது. குறுக்கீடுகளைப் பல ஆண்டுகளாக ஆராயும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் குளோரியா மார்க், அலுவலகங்களில் வேலை தடைபடுவதில் ஏறக்குறைய பாதி அவரவரே செய்துகொள்வது என்று கண்டிருக்கிறார். சத்தம் போடும் செல்போனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

படி 3: எது எதோடு சேரும்?

எந்த இரண்டு வேலையைச் சேர்க்கும் முன்பும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். இரண்டுக்கும் சொற்கள் வேண்டுமா? இரண்டுக்கும் அதே கண்ணோ கையோ வேண்டுமா? ஒன்றை எந்த நொடியில் நிறுத்தினாலும் பாதகமில்லையா?

துணி மடிப்பதும் வானொலி கேட்பதும் மூன்று கேள்வியிலும் தேறிவிடும். மடிப்பதற்குச் சொற்கள் தேவையில்லை, காதுக்கு அதில் வேலையில்லை, பாதியில் நிறுத்தினால் துணி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. மீட்டிங்கில் ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். கேட்பதும் சொற்கள், எழுதுவதும் சொற்கள். இரண்டும் ஒரே வாசல் வழியாக நுழையப் பார்க்கின்றன. கடைசியில் மீட்டிங்கில் என்ன முடிவானது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்போம், அனுப்பிய மின்னஞ்சலிலும் ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கும்.

வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசுவதை இந்தக் கேள்விகளுக்கே கொண்டுவர வேண்டாம். காதில் மாட்டிப் பேசினால் கை சும்மாதானே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், கையில் பிடித்துப் பேசியவர்களுக்கும் கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் வண்டி ஓட்டுவதில் வித்தியாசம் தெரியவில்லை. இரு தரப்புமே பிரேக் போடத் தாமதித்தார்கள். பறிபோவது கவனம். அது கையில் இல்லை.

'எனக்கு அதெல்லாம் பழக்கம்' என்று சொல்பவர்களுக்காக இன்னொன்று. அதே பல்கலைக்கழகத்தில் வாட்சன், ஸ்ட்ரேயர் இருவரும் 200 பேரை வண்டி ஓட்டும் சிமுலேட்டரில் உட்காரவைத்து, கூடவே நினைவாற்றலும் கணக்கும் கலந்த ஒரு பணியையும் போனில் கொடுத்தார்கள். எந்த இழப்பும் இல்லாமல் இரண்டையும் செய்தவர்கள் 2.5 சதவீதம் பேர்தான். இது 2010-ல் வெளியானது. 2013-ல் வந்த இன்னோர் ஆய்வு இதைவிட முக்கியமானது என்பேன்: அதிகமாக மல்டிடாஸ்கிங் செய்பவர்கள்தான் அதில் திறன் குறைந்தவர்களாக இருந்தார்கள், தங்கள் திறமையை மிகையாகவும் எடைபோட்டார்கள். அஷ்டாவதானி என்று நம்மை நாமே நினைத்துக்கொள்வது நம்பத்தகுந்த சாட்சி இல்லை.

ஏன் அப்படித் தோன்றுகிறது? குளோரியா மார்க் 2008-ல் வெளியிட்ட பரிசோதனையில் ஒரு பதில் கிடைக்கிறது. குறுக்கிடப்பட்டவர்கள் கொடுத்த வேலையை வேகமாகவே முடித்தார்கள். தரத்திலும் பெரிய குறை இல்லை. ஆனால் மன அழுத்தம், எரிச்சல், நேர நெருக்கடி எல்லாம் கூடியிருந்தன. இழந்த நேரத்தை ஈடுகட்ட ஓடுகிறோம், அந்த ஓட்டத்தைச் சுறுசுறுப்பு என்று எண்ணிக்கொள்கிறோம். சாயங்காலம் உடம்பு மட்டும் உண்மையைச் சொல்கிறது.

சரி, தாராளமாகச் சேர்க்கக்கூடியது எது? மெஷின் செய்யும் வேலையும் நாம் செய்யும் வேலையும். பெரிய கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது, பேக்கப் ஓடும்போது, துவைக்கும் இயந்திரம் சுற்றும்போது நாம் வேறு வேலை பார்க்கலாம். இங்கே வரிசைதான் சூத்திரம்: தானாக ஓடக்கூடியதை முதலில் தொடங்கிவிட்டு நம் வேலைக்கு உட்கார வேண்டும். பிறரிடம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதும் இந்த வகைதான். காலையில் முதல் காரியமாகக் கேள்வியை அனுப்பிவிட்டால், அவர்கள் யோசிக்கும் நேரம் உங்களுக்கு இலவசம். ஒரு வாரத்தில் நான்கு வேலைகளைக் கையில் வைத்திருப்பது வேறு, ஒரே பத்து நிமிடத்தில் நான்கையும் தொடுவது வேறு. முன்னது பலருக்கும் தவிர்க்க முடியாதது, தவறும் இல்லை.

இன்னொரு விதிவிலக்கும் உண்டு. சலிப்பான பேச்சைக் கேட்கும்போது காகிதத்தில் சும்மா கிறுக்குவது உதவலாம். ஜாக்கி ஆண்ட்ரேட் 2010-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில், வடிவங்களுக்கு நிழல் தீட்டிக்கொண்டே கேட்டவர்கள் 29 சதவீதம் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். நிழல் தீட்டச் சொற்கள் வேண்டாமே!

படி 4: ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது

மூன்று வேலை, ஒவ்வொன்றுக்கும் 3 மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் ஒருவர் காத்திருக்கிறார் என்று வையுங்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் முதல் ஆளுக்கு 3-வது மணியிலும், இரண்டாமவருக்கு 6-வது மணியிலும், மூன்றாமவருக்கு 9-வது மணியிலும் வேலை கிடைக்கும். சராசரிக் காத்திருப்பு 6 மணி.

'மூவரையும் திருப்திப்படுத்த வேண்டும்' என்று மணிக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள். முதல் வேலை 7-வது மணியில் முடியும், இரண்டாவது 8, மூன்றாவது 9. சராசரி 8 மணி. யாருக்கும் சீக்கிரம் கிடைக்கவில்லை. முதலிருவருக்குத் தாமதம், மூன்றாமவருக்கு அதே 9. மாறுவதற்கு ஒரு நொடிகூட இழப்பில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது! நிஜத்தில் இன்னும் மோசமாகத்தான் இருக்கும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பதன் விலை இது.

யாருக்கு முதலில் என்று முடிவெடுப்பது சங்கடம்தான். அந்தச் சங்கடத்தைத் தள்ளிப்போடத்தான் பாதி நேரம் மூன்றையும் தொட்டுக்கொண்டிருக்கிறோம். 'உங்களுடையது பிற்பகல் முடியும்' என்று மற்ற இருவருக்கும் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு எப்போது கிடைக்கும் என்று தெரிந்தாலே போதும்.

படி 5: விட்டுப் போகும் முன் ஒரு வரி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் ஒன்றைக் காட்டினார். முடியாத வேலையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் புது வேலை கெடுகிறது. 2018-ல் அவரும் தெரசா குளோம்பும் சேர்ந்து இதற்கு ஒரு தீர்வைச் சோதித்தார்கள். குறுக்கீட்டுக்குப் போகும் முன், எங்கே நிற்கிறோம், திரும்பி வந்து என்ன செய்யப் போகிறோம் என்று சுருக்கமாக எழுதிவிட்டுப் போகச் சொன்னார்கள். அப்படி எழுதியவர்கள் அடுத்த வேலையில் நன்றாகக் கவனம் செலுத்தினார்கள். கம்ப்யூட்டர் செய்கிறதே, நிறுத்தும் முன் சேமிப்பு, அதேதான்.

எழுதுவது எப்படி என்பதில்தான் எல்லாம். 'அறிக்கை பாதியில்' என்று எழுதினால் பயனில்லை. அது நமக்கே தெரியும். 'தொடர வேண்டும்' என்பதும் அப்படித்தான். முதல் அசைவு என்ன என்று எழுத வேண்டும், கை நேராக அங்கே போகும்படி. என் காகிதத்தில் இருக்கும் சில வரிகள்:

23 வரை சரி. அடுத்து 24.

மூன்றாம் பத்தி: தாமதத்துக்கு இரண்டாவது காரணம் எழுத வேண்டும். தேதி பழைய கோப்பின் கடைசிப் பக்கத்தில்.

கூட்டல் 12 அதிகம் காட்டுகிறது. மார்ச் மாதம் இருமுறை ஏறியிருக்கலாம் என்று சந்தேகம், அதை முதலில் பார்.

மூன்றாவதைக் கவனியுங்கள். அதில் சந்தேகத்தை எழுதியிருக்கிறேன். முதலில் மறந்துபோவது அதுதான். எந்தப் பக்கத்தில் நின்றோம் என்பதைத் திரையே காட்டிவிடும், மனதில் அரைகுறையாக உருவாகிக்கொண்டிருந்த யோசனையை எந்தத் திரையும் காட்டாது. அதை எழுதாமல் எழுந்தால், திரும்பி வந்து அதே இருபது நிமிடத்தை மறுபடி நடந்துதான் அந்த இடத்துக்கு வர வேண்டும். சில சமயம் வந்து சேரவே மாட்டோம்.

போன் அடிக்கும்போது எழுத எங்கே நேரம் என்று கேட்பீர்கள். மணி மூன்றாவது முறை அடிப்பதற்குள் எழுதிவிடலாம். எதிரே ஆள் வந்து நின்றாலும் 'ஒரு நிமிஷம், இதைக் குறிச்சுக்கிறேன்' என்று சொல்லலாம். இதுவரை யாரும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. காகிதத்தில் எழுதுவதுதான் நல்லது. திரையில் எழுதப் போனால் இன்னொரு டேப் திறக்கும்.

அடுத்த வாக்கியம் வராமல் நீங்களாகவே எழும்போதும் இந்த வரியை எழுதுங்கள். எனக்குப் பாதி நேரம், என்ன வரவில்லை என்று எழுதும்போதே அது வந்துவிடுகிறது, எழ வேண்டிய தேவையே போய்விடுகிறது.

படி 6: கதவு எப்போது மூடியிருக்கும்?

விமானத் துறையில் ஒரு விதி உண்டு. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1981-ல் கொண்டுவந்தது. ஓடுபாதையில் நகரும்போதும், ஏறி இறங்கும்போதும், பொதுவாக 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும், விமானிகள் அறையில் பாதுகாப்பாகப் பறப்பதற்குத் தேவையானதைத் தவிர வேறு பேச்சோ வேலையோ கூடாது. விமானிகளின் கவனம் வேறு பேச்சில் போனதால் நேர்ந்த விபத்துகளுக்குப் பிறகு வந்த விதி. பயணம் முழுக்க வாயை மூடு என்று அது சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. எந்தக் கட்டம் ஆபத்தானது என்று பிரித்திருக்கிறார்கள்.

உங்கள் நாளிலும் 10,000 அடிக்குக் கீழே பறக்கும் நேரம் எது என்று பாருங்கள். பணம் அனுப்புவது, மருந்து அளவு பார்ப்பது, ஒப்பந்தம் படிப்பது, கோப்பை அழிப்பது, பலருக்குப் போகும் கடிதத்தின் கடைசிப் பார்வை. அந்த நேரத்துக்கு மட்டும் செல்போன் வேறு அறையில். மற்ற நேரங்களில் இவ்வளவு கெடுபிடி வேண்டாம்.

மின்னஞ்சலுக்கும் செய்திகளுக்கும் நேரம் குறிப்பதும் உதவும். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் குஷ்லெவ், டன் இருவரும் செய்து 2015-ல் வெளியான ஆய்வில், மின்னஞ்சலை நாளுக்கு மூன்று முறை மட்டும் பார்த்த வாரத்தில் மக்களின் அன்றாட மன அழுத்தம் குறைந்திருந்தது. உங்கள் வேலைக்கு மூன்று போதாது என்றால் ஆறு வைத்துக்கொள்ளுங்கள். நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு, உண்மையான அவசரம் என்றால் போனில் கூப்பிடச் சொல்லிவிடுங்கள்.

படி 7: குறுக்கீடே வேலையாக இருந்தால்?

வாடிக்கையாளர் உதவி, வரவேற்பு, செவிலியர் பணி, வீட்டில் சின்னக் குழந்தை. இவர்களிடம் போய்க் கதவை மூடு என்று சொல்வது நியாயமில்லை. அவர்களுக்கு மூன்று விஷயம் உதவும். விட்ட இடம் கண்ணில் படும்படி வேலையை அமைப்பது ஒன்று. சரிபார்க்கும் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் டிக் அடித்துக்கொண்டே போனால் மூளை நினைவு வைக்க வேண்டியதில்லை. பெரிய வேலையை ஐந்து நிமிடத் துண்டுகளாக உடைத்து, துண்டு முடியும் இடத்தில் மட்டும் தலைநிமிர்வது இரண்டாவது. கூட ஆள் இருந்தால் முறை வைப்பது மூன்றாவது. ஒரு மணி நேரம் எல்லா அழைப்பும் உங்களுக்கு, அடுத்த ஒரு மணி அவருக்கு. இரண்டு பேரும் பாதிக் கவனத்தோடு இருப்பதைவிட ஒருவராவது முழுக் கவனத்தோடு இருக்கலாம்.

படி 8: மறுபடி கோடு, அப்புறம் மற்றவர்கள்

இரண்டு வாரம் கழித்து, படி 2-இல் போட்டதைப் போல இன்னொரு நாள் கோடு போட்டு, பழைய காகிதத்தோடு ஒப்பிடுங்கள். வலப்பக்கம் குறைந்திருக்கும். இடப்பக்கம் அவ்வளவாகக் குறையாது, அது பிறர் கையில் இருக்கிறது. அதில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அவரிடம் தினமும் பத்து நிமிடம் ஒதுக்கிப் பேசிவிடுங்கள். சில்லறையாக வந்ததெல்லாம் ஒரே தடவையில் முடியும்.

இன்னொருவருடைய காகிதத்தின் இடப்பக்கத்தில் நம் பெயரும் இருக்கும். இப்போதெல்லாம் யாருடைய மேசைக்குப் போனாலும் உடனே பேசுவதில்லை. 'அந்த வரியை முடிச்சுட்டுச் சொல்லுங்க, நிக்கிறேன்' என்கிறேன். அவர் பென்சிலால் பட்டியலில் ஒரு புள்ளி வைக்கிறார், ஓரத்தில் ஏதோ இரண்டு வார்த்தை எழுதுகிறார், அதன்பிறகு நிமிர்ந்து பார்க்கிறார். பத்து நொடிகூட ஆவதில்லை.